பக்கத்து வீட்டுக்குப் போன மெஷின்

சட்டைக் கம்பெனி மூடி எட்டு மாதம் ஆகிறது. அங்கே இஸ்திரிப் பிரிவில் நின்றவருக்கு அன்றிலிருந்து யார் வாசலில் வந்து நின்றாலும் சந்தேகம்தான். சும்மா ஒன்றும் வந்ததல்ல அந்தச் சந்தேகம். போன தடவை உதவி செய்கிறோம் என்று வந்தவர்கள், வீட்டில் தையல் மெஷினைப் பார்த்ததும் "உங்களுக்கென்ன குறைச்சல்?" என்று பட்டியலில் பெயரை அடித்துவிட்டுப் போனார்கள். அதனால் இந்த முறை வேலை போனவர்களைக் கணக்கெடுக்க ஒரு பெண் தெருவுக்குள் நுழைந்துவிட்டாள் என்று தெரிந்ததுமே, மனைவியின் மெஷினைப் போர்வையில் சுற்றி, பக்கத்து வீட்டு அண்ணியிடம் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

"வீட்டுல தையல் மெஷின் இருக்குங்களா?"

"ஏதுங்க? சோத்துக்கே வழியில்ல."

"வீட்டம்மாவுக்குத் தைக்கத் தெரியுமா?"

"ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாதுங்க."

பதினான்கு வருஷம் அதே கம்பெனியில் காலர் தைத்த மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். வந்த பெண்ணோ எதற்கெடுத்தாலும் சிரித்தாள். இவ்வளவு சிரிக்கிறவளை எப்படி நம்புவது? அவள் படியிறங்கிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அடுத்த வாரம் அண்ணி ஒரு மூட்டை துணியோடு வந்து நின்றாள்.

"மெஷின் இருக்கிற வீட்டுக்குத்தான் வேலையாம், தம்பி. பள்ளிக்கூடச் சட்டை, வருஷம் பூரா. கணக்கெடுக்க வந்த பொண்ணு என் வீட்டுல மெஷின பாத்துட்டு என்னுதான்னு கேட்டுச்சு, ஆமான்னுட்டேன். எனக்கு எங்க தைக்கத் தெரியும்? இவ தைக்கட்டும், கூலியில ஆளுக்குப் பாதி."

ஊரையே சந்தேகப்பட்டவருக்கு அண்ணியைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. வயிறு எரிந்தது. ஆனால் எந்த முகத்தோடு கோபப்படுவது? தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தது அவர்தானே.

"என் மெஷின்ல நானே பாதிக் கூலிக்குத் தைக்கணுமா?" என்று மனைவி செருப்பை மாட்டினாள். "வாங்க, போய் உள்ளதச் சொல்லுங்க."

மூடிய கம்பெனியின் பழைய சாப்பாட்டு அறையில்தான் தையல் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள்; அங்கே அந்தப் பெண் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தாள். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு இல்லன்னீங்க, இன்னைக்கு இருக்குங்கிறீங்க. உங்க அண்ணி அது அவங்களுதுன்னு சொல்றாங்க. நான் யாரை நம்பறது?"

எட்டு மாதமாக அவர் எல்லோரையும் பார்த்துவந்த அதே பார்வை. அதன் முன்னால் நிற்பது இவ்வளவு கூசும் என்று அவர் நினைத்ததே இல்லை. என்னத்தைச் சொல்லி நம்பவைப்பது?

மனைவி அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இவர நம்ப வேணாங்க. ஒரு மெஷின் குடுங்க, உக்காந்து ஒரு காலர் தைச்சுக் காட்டுறேன்."