பதினொரு ஆணி, இருபத்திரண்டு ஓட்டை

தனராஜுக்கு அட்வான்ஸ் முழுசாகத் திரும்பி வந்தது என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் வீட்டைக் காலி செய்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. முன்னூறு ரூபாயை வீட்டுக்காரர் நாகபூஷணம் ஒரு காசு பிடிக்காமல் எண்ணிக் கொடுத்தாராம். கூடவே இரண்டு மாம்பழமும் கொடுத்தாராம். ரூபாயைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

சித்தூரில் நாகபூஷணத்தின் வீட்டில் இரண்டு போர்ஷன்கள். ஒன்றில் நானும் என் மனைவி யூனிஸும். மற்றதில் தனராஜ், அவன் மனைவி கிருபாவதி, ஒரு பையன். நான் மின்சார ஆபீஸில் கிளார்க். அவன் ரயில்வேயில் டிக்கெட் கொடுப்பவன். ஒரே வருஷம் குடிவந்தோம், ஒரே அட்வான்ஸ் கொடுத்தோம், ஒரே சபைக்குப் போனோம். இவ்வளவு ஒற்றுமை இருக்கிற இடத்தில் பொறாமை வராமல் வேறு என்ன வரும்?

பாட்டுக்குழுவில் அவன் குரலுக்குப் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கும். என் குரலுக்கும் திரும்பிப் பார்க்கும், யார் அது என்று. அதையெல்லாம் விடுங்கள். எங்கள் சபையில் புதுவருஷ ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்து நீட்டுவார். குடும்பத்துக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வசனம்தான் அந்த வருஷம் முழுக்க அந்தக் குடும்பத்துக்கு. வீட்டுச் சுவரில் மாட்டிவைப்போம். தனராஜ் கைக்கு வருவதெல்லாம் விளைச்சல், உயர்வு, சத்துருக்கள் ஓடிப்போவது. எனக்கு வருவதெல்லாம் பொறுமை, சிட்சை, கண்ணீர். ஒரு வருஷம் அவனுக்கு முன்னால் புகுந்து, அவன் எடுக்கவிருந்த அட்டையை நானே எடுத்துப் பார்த்தேன். நாக்கை அடக்கச் சொல்லி வந்தது. எனக்குப் பின்னால் வந்தவனுக்குப் பாலும் தேனும்.

வசனத்தில் ஜெயிக்க முடியாதவன் கண்ணாடிச் சட்டத்தில் ஜெயிக்கலாம் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு வருஷமும் என் அட்டைக்குப் பெரிய பெரிய சட்டமாகப் போட்டேன். சட்டம் பெரிதானால் ஆணியும் பெரிதாக வேண்டும். கடைக்காரர் நாலு அங்குலம் போதும் என்பார். நான் ஆறு அங்குலம் கேட்பேன். ஜனவரி முதல் தேதி விடிந்ததும் இரண்டு போர்ஷனுக்கும் நடுவில் இருக்கிற சுவரில், தனராஜ் காதில் விழட்டும் என்றே ஓங்கி ஓங்கி அடிப்பேன். அவன் பக்கம் ஒருநாளும் சுத்தியல் சத்தம் கேட்டதில்லை. மைதா பசை போட்டு ஒட்டுகிற கஞ்சன் என்று யூனிஸிடம் சொல்வேன்.

பதினொரு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு அவனுக்குப் பாகாலாவுக்கு மாற்றல் வந்தது, ரயில்வே குவார்ட்டர்ஸோடு. அடுத்த மாதமே எனக்குத் திருப்பதிக்கு வந்தது, குவார்ட்டர்ஸ் இல்லாமல். திருப்பதியில் ஒரு வீடு பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்னூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாக வீட்டுக்கார அம்மா வெங்கடலட்சுமி சொல்லிவிட்டார். நாகபூஷணத்திடம் இருக்கிற முன்னூறைத் தவிர என்னிடம் வேறு முன்னூறு கிடையாது.

சனிக்கிழமை காலை நாகபூஷணம் நகரியிலிருந்து வந்தார். அங்கே அவருக்குத் தறி ஓடுகிறது. நூலில் குறை தேடிப் பழகிய கண் சுவரைத் தடவிக்கொண்டே போயிற்று. நான் கழற்றி அடுக்கிய சட்டங்களைப் பார்த்தார். ஆணிகளைப் பார்த்தார். பக்கத்துப் போர்ஷனுக்குள் போய்விட்டு வந்தார்.

"இருபத்திரண்டு ஓட்டை சார். ஓட்டைக்கு நாலு ரூபாய். எண்பத்தெட்டு போவ, இருநூத்திப் பன்னெண்டு."

"நான் அடிச்சது பதினொண்ணுங்க."

"இருபத்திரண்டு."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தனராஜுக்கு மாம்பழம் கொடுத்து அனுப்பிவிட்டு, அவன் ஓட்டைகளை என் தலையில் கட்டுகிறார்.

"அவரு சுவத்துல கீற ஓட்டைக்கு நான் ஏங்க குடுக்கணும்? அவருகிட்ட கேக்கறதுக்கு உங்களுக்கு வாய் வரலயா? அவரு நல்லாப் பாடுவாருன்னா?"

நாகபூஷணம் கோபப்படவில்லை. "வாங்க சார், ஒருவாட்டி பாத்துட்டுப் பேசுங்க" என்று தனராஜ் இருந்த போர்ஷனுக்கு அழைத்துப்போனார்.

காலி அறை. நடுச்சுவரில் பதினொரு இடத்தில் பதினொரு ஆணிமுனைகள், அரை விரல் நீளத்துக்கு, என் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. செங்கல்லை நிறுத்திவைத்துக் கட்டிய சுவர். பூச்சோடு சேர்த்தாலும் நாலு அங்குலம் தேறாது. ஆறு அங்குல ஆணி வேறு எங்கே போகும்?

அந்த முனைகளில்தான் பதினொரு வருஷமாக அவனுடைய அட்டைகள் தொங்கியிருக்கின்றன. எத்தனையோ தடவை அந்த வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன். அட்டையைப் பார்த்தேன், வசனத்தைப் படித்து வயிறெரிந்தேன், அது எதில் தொங்குகிறது என்று பார்க்கவில்லை.

"ஆணியோட தல எங்க கீதோ அங்கதான சார் அடிச்ச ஆளு கீறாரு?" என்றார் நாகபூஷணம். "இந்தப் பக்கம் ஒரு தலகூட இல்ல."

"ஆனா மாட்டிக்கினது அவருதானே? பாதி அவருது."

"அது உங்க ரெண்டு பேர் பாடு. அவரைக் கேளுங்க." இருநூற்றுப் பன்னிரண்டை எண்ணி என் கையில் வைத்தார். மாம்பழம் இல்லை.

கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். பாதி என்றால் நாற்பத்துநாலு ரூபாய். மீதியை வழியில் ஏதாவது பொய் சொல்லித் தேற்றலாம். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் ஏறிப் பாகாலாவில் இறங்கினேன். குவார்ட்டர்ஸ் ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே இருந்தது. ஜன்னலுக்கெல்லாம் பச்சைப் பெயின்ட். அட்வான்ஸ் இல்லாத வீட்டுக்குப் பெயின்ட் வேறு.

தனராஜ் ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைப் போடாமலே ஓடிவந்து பையை வாங்கினான்.

"வாண்ணே. முதல்ல இட்லி துன்னு, அப்புறம் பேசலாம்."

ஆறு இட்லி ஆனதும் ஆரம்பித்தேன். நாகபூஷணம் பிடித்த எண்பத்தெட்டு, திருப்பதி அம்மாவின் கெடு, இருபத்திரண்டு ஓட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த ஆணில நீயும் மாட்டிக்கினே இல்ல?" என்று முடித்தேன். அதைச் சொல்லும்போது சட்னியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனராஜ் வாயைத் திறக்குமுன் சமையலறையிலிருந்து கிருபாவதி வந்துவிட்டாள்.

"மாட்டாம இன்னாண்ணா பண்றது? பையன் சுவத்துல சாஞ்சான்னா சட்டை கிழியுது. அஞ்சு சட்டைண்ணா. ஒருவாட்டி முதுகுல ரத்தம். மொனைய மறைக்கறதுக்குத்தான் அட்டைய மாட்டினேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"இவரு சொல்றேன்னுதான் வந்தாரு. நீங்க ஸ்டூல் மேல நின்னு கண்ணாடியத் தொடச்சிகினு, எப்படிகீது தம்பீன்னு கேட்டீங்களாம். நல்லா கீதுண்ணேன்னு சொல்லிட்டு வந்துட்டாரு."

தனராஜ் தலை குனிந்து சிரித்தான். "விடு கிருபா. அண்ணே, கோவிச்சிக்காதே. ஜனவரி ஒண்ணாந்தேதி உன் சுத்தி சத்தம் கேட்டா நாங்க மூணு பேரும் எழுந்து உக்காந்துக்குவோம். இந்த வருஷம் எந்த இடத்துல வரும்னு பந்தயம். பையன்தான் நிறைய வாட்டி ஜெயிப்பான்."

பதினொரு வருஷம் நான் அவனுடைய வயிற்றெரிச்சலுக்காக அடித்தேன். அவர்கள் பந்தயம் கட்டிச் சிரித்திருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கிறது, அதை அனுப்பியவன் நான், எனக்கு ஒரு துளி வரவில்லை. அதற்கும் பொறாமையாக இருந்தது.

பாதியைக் கேட்க வாய் வரவில்லை. வேறு மாதிரி கேட்டேன். "எண்பத்தெட்டும் கடனாக் குடுப்பியா தனராஜு? மாசம் பத்து பத்தா அடைச்சிடறேன்."

அவன் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து எண்ணிக் கொண்டுவந்து வைத்தான். எப்போது தருவாய் என்று கேட்கவில்லை, தாள் எழுதவில்லை. இந்த மாதிரி ஆளோடு மனிதன் எப்படிக் குடித்தனம் செய்வது?

நல்லவேளை, கிருபாவதி இருந்தாள். அந்தப் பணத்திலிருந்து எட்டு ரூபாயை உருவிக்கொண்டாள்.

"சட்டைத் துணிக்கு" என்றாள். "தையற்கூலி வேணாம். நானேதான் தெச்சேன்."

"கிருபா" என்றான் தனராஜ்.

"நீ சும்மா இரு தம்பி" என்றேன். அந்த எட்டு ரூபாய் போனதும்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது. அவ்வளவு நல்லவர்கள் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்திருந்தால் நான் அடுத்த ரயிலில் ஏறியிருக்க மாட்டேன், அதன் முன்னால் விழுந்திருப்பேன். வெங்கடலட்சுமி அம்மாவுக்கு எட்டு ரூபாய் குறையும். எட்டு ரூபாய்க்காக யாரும் வாசலில் நிறுத்திவிட மாட்டார்கள்.

தனராஜ் கோவிலுக்கு நேரமாகிறது என்றுகூடச் சொல்லாமல் ஸ்டேஷன் வரைக்கும் வந்தான். திருப்பதி வண்டி வந்து நின்றது. ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, பிளாட்பாரத்தில் நின்றபடி கேட்டான்.

"புது வூட்டுல சுவத்துக்கு அந்தப் பக்கம் யாருண்ணே குடியிருக்காங்க?"

"யாரும் இல்ல. தனி வீடு."

இதைச் சொல்லி அவன் வயிற்றை எரிய வைக்கலாம் என்று வண்டியில் வரும்போதே நினைத்து வைத்திருந்தேன். தனராஜ் மார்பில் கை வைத்துக்கொண்டான்.

"ஸ்தோத்திரம்" என்றான்.