தமிழக மண்டபத்து மாடுகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டுக் கோடையில் திருவள்ளூரில் ஒரு பொருட்காட்சி நடைபெற்றது. அதில் மக்களை மிகுதியாக ஈர்த்தது ‘தேச வீதி’ என்னும் பகுதி. மூங்கிலாலும் கோணியாலும் சுண்ணாம்பாலும் ஆக்கப்பட்ட அவ்வீதியில் ஒல்லாந்தின் காற்றாலையும் அரபு நாட்டின் குவிமாடமும் ஜப்பானியரின் மரப்பாலமும் அடுத்தடுத்து நின்றன. காற்றாலைக்குக் காற்றுத் தேவைப்படவில்லை. உள்ளே ஓர் ஆள் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான்.

வீதியின் கோடியில் இருந்தது தமிழக மண்டபம். அங்கே பட்டுத் தலைப்பாகையும் சரிகை வேட்டியும் அணிந்து, கலப்பையின் மேழியைப் பிடித்தவாறு நின்றான் சடையப்பன். அவன் திருவாலங்காட்டை அடுத்த சிற்றூரில் நெல் பயிரிடுபவன். அவ்வாண்டு ஏரி வற்றிவிட்டது; வைக்கோற்போரும் தீர்ந்தது. ஊரார் பலர் மாடுகளை அடிமாட்டுத் தரகர்களுக்கு விற்றுவிட்டனர். தன் உழவு மாட்டுச் சோடியைப் பிரிந்தால் ஆடியில் ஏர் பூட்ட வழியில்லை என்பதை அறிந்த சடையப்பன் மட்டும் விற்கவில்லை. அந்நிலையில்தான் காண்டிராக்டர் துளசிராமன் வந்து, காட்சி முடியும்வரை மாடுகளுக்குத் தீனி தருவதாகச் சொல்லி அவனை அழைத்துச் சென்றார்.

தீனி வந்தது, ஆனால் இரவில் பொருட்காட்சியின் வாயிற்கதவை அடைத்த பின்னரே வந்தது. பகலில் மாடுகள் தின்றால் சாணமிடும், பட்டணத்தார் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது துளசிராமனின் கவலை.

“சாணி இல்லாத மாடு எந்த ஊர்லங்க கீது?” என்று கேட்டான் சடையப்பன்.

“இந்த ஊர்ல கீதுய்யா. சிரிச்ச மூஞ்சியா நில்லு, அது போதும்!”

மாடுகளைச் சுற்றிலும் விளைந்த வயல் இருந்தது. கோடையில் பயிருக்கு எங்கே போவது? வைக்கோலைப் பச்சைத் தூள் கரைத்த நீரில் முக்கி, நாற்றுப் போல் மண்ணில் நட்டிருந்தார்கள். விளக்கொளியில் அது உண்மைப் பயிரினும் அழகாக இருந்தது. பசித்த மாடுகள் கழுத்தை நீட்டி அதைக் கடித்தன.

முதலில் அதைக் கவனித்தவன் ஹனீப். பழவேற்காட்டில் கைலி வாணிபம் செய்து நொடித்துப்போன அவன், அரபு மண்டபத்தில் ஷேக்காக அமர்ந்திருந்தான். ஒட்டுத்தாடி அரித்தபோதெல்லாம் எழுந்து வந்துவிடுவான்.

“சடையப்பண்ணே, உன் மாடு வயலையே மேஞ்சிக்கினு கீது! வாயெல்லாம் பச்சை. ஒண்ணும் ஆவாதா?”

“சாயந்தானே பாய்! பொங்கலுக்குக் கொம்புல பூசறோமே, ஒண்ண ஒண்ணு நக்கிக்கினுதானே நிக்குது? எந்த மாடு செத்துது? வவுத்துல ஏதோ போனா சரி.”

“அது செரி. எனக்குத்தான் பேஜாரு. அரபு தேசத்தாரு வெத்தல போடமாட்டாராம்; காண்டிராக்டரு புடுங்கிக்கினாரு.”

இருவரும் சிரித்தனர். சடையப்பன் மாடுகளை விலக்கவில்லை.

மறுநாள் மாலை கூட்டம் நெரிந்தது. இடப்பக்கத்து மாட்டின் வாயில் நுரை தள்ளியது, கால்கள் நடுங்கின. சடையப்பன் மேழியை விட்டு முன்னே ஓடினான்.

“யோவ், எடத்த வுட்டு நகராதே! பெரிய மனுசருங்க வராங்க” என்று துளசிராமன் அடிக்குரலில் அதட்டினார்.

“மாடு ஒரு மாதிரியா கீதுங்க!”

“இன்னும் கொஞ்ச நேரம்யா. போய் நில்லு.”

தீனி தருபவர் அவர். சடையப்பன் திரும்பிச் சென்று மேழியைப் பிடித்தான். கோட்டணிந்த கனவான்களும் அவர்தம் மனைவியரும் மண்டபத்துக்குள் வந்த வேளையில் மாடு முன்னங்கால்களை மடித்துச் சாய்ந்தது.

“அடடா, கும்பிடுது பாருங்க!” என்றாள் ஓர் அம்மாள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஓயும் முன்னரே மாட்டின் கண்கள் நிலைகுத்தின.

கால்நடை மருத்துவர் வந்து வைக்கோலைக் கசக்கிப் பார்த்தார். “கொசுப்புழுவைக் கொல்லக் குட்டையில் தூவும் தூளல்லவா இது! இதையா பூசினீர்கள்?” என்றார். “கலர் நல்லாருந்துது சார்” என்றார் துளசிராமன். மற்ற மாடும் தின்றிருந்தது. அது பிழைக்குமா என்று சடையப்பன் கேட்டான். மருத்துவர் கைகளைக் கழுவினார்.

அது பிழைத்தது. ஆனால் இரண்டு நாளில் விலா எலும்புகள் புடைத்துக்கொண்டன. செத்த மாட்டின் இடத்தில் நிறுத்தச் சென்னையிலிருந்து காகிதக் கூழால் செய்த காளையொன்று வந்தது. சடையப்பனின் மாட்டைக் காட்டிலும் அது உயரம்; திமிலும் பெரிது.

ஹனீப் தாடியைக் கையில் பிடித்தவாறு வந்து நின்றான். “ஊட்டுக்குப் போயிடு அண்ணே. இங்க இன்னா கீது?”

“அங்க இன்னா கீது பாய்? ஒத்த மாட்டுக்குத் தின்னவும் இல்ல, ஒத்த மாட்ட வெச்சி உழவும் முடியாது. இங்கயாச்சும் ராத்திரி வைக்கோல் போடறாங்க.”

“நான்தான் அன்னிக்கே மாட்ட இழுத்துக் கட்டியிருக்கணும்” என்றான் ஹனீப்.

“கேட்டியே நீ, ஒண்ணும் ஆவாதான்னு! நான்தானே சாயம்னு சொன்னேன்.”

வாயில் திறக்கும் மணி அடித்தது. சடையப்பன் தலைப்பாகையைச் சரிசெய்து, நுகத்தடியைத் தூக்கிக் காகிதக் காளையின் கழுத்தில் ஒரு முனையையும் உயிருள்ள மாட்டின் கழுத்தில் மறுமுனையையும் வைத்தான். நுகம் சாய்ந்து, பாரமெல்லாம் உயிருள்ளதன் மேல் இறங்கியது. அது முனகிற்று. சடையப்பன் அதன் பக்கத்து நுகத்துக்கு அடியில் தன் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டான். வரிசையாக மக்கள் உள்ளே வரலாயினர்.

“யோவ், சிரி” என்றார் துளசிராமன்.