அரை மணித்தியாலத்துக்குள் ஆறு நாள்

மட்டக்களப்பு விமானத்தளத்திலிருந்து சீனக்குடாத் தளத்துக்கு அறுபத்தைந்து மைல். பறந்தால் அரை மணித்தியாலம். தளத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரையின் சுவரில் தொங்கிய வரைபடம் அப்படித்தான் சொன்னது. அதில் வெருகல் ஆறு ஒரு நீல நூல். எந்த மாடும் அதில் நீந்த வேண்டியிருக்கவில்லை.

அது இரண்டாம் உலக யுத்த காலம். அந்த மார்கழி வெள்ளம் ரயில்பாதையை அரித்துவிட, விமானத்துக்கான பெற்றோலைச் சீனக்குடாவிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றி வந்தவர் ஓட்டமாவடி அசனார். வெருகலில் வண்டியை ஓடத்தில் ஏற்றி, மாடுகளை அவிழ்த்து நீந்தவிட்டு, பனிச்சங்கேணியில் ஓடத்துக்காக ஒரு பகல் காத்துக்கிடந்து, ஆறாம் நாள் காலை தள வாசலில் வண்டியை நிறுத்தினார். கிளாக்கர் கதிர்காமத்தம்பி வண்டிப் பாஸை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அசனாரை அவர் அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவார்.

“காக்கா, இதில ரெண்டு நாளெண்டுதானே கிடக்கு. பாஸைக் கிழிக்கச் சொல்லிப்போட்டார் துரை.”

அசனாருக்கு வயலுமில்லை, கடையுமில்லை. இரண்டு மாடும் அந்தக் கடதாசியும்தான். அது கிழிந்தால் வண்டி தெருவில் ஏற முடியாது.

“ரெண்டு நாளெண்டு ஆர் கணக்குப் போட்ட?”

“துரைதான். பிளேனுக்கு அரை மணித்தியாலம். உங்களுக்கு அதில தொண்ணூற்றாறு மடங்கு குடுத்திருக்காராம்.”

“தாராளந்தான். வெருகலையும் தூக்கி ஒரு பக்கம் வெச்சிருக்கலாமே!”

துரை கடிகாரத்தைப் பார்த்தபடி வெளியே வந்தார். பகலுக்குள் அவர் சீனக்குடாவில் இறங்கியாக வேண்டும். இதை அசனார் வாசல் காவற்காரனிடம் முன்பே விசாரித்து வைத்திருந்தார். எதிராளியின் அவசரம் தெரியாமல் பேரத்தில் வாய் திறக்கிறவரல்ல அவர்.

பெற்றோல் தகரங்களை இறக்கும்படி துரை உத்தரவிட்டார். அசனார் தகரங்களின் மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

“இறக்கட்டும் தம்பி. இண்டைக்குப் பறப்பார். அடுத்த கிழமை பறக்க எண்ணெய் ஆர் கொண்டாற? நான் போகாட்டி எங்கட ஊரில ஒரு வண்டியும் அசையாது. அவர்ர அரை மணித்தியாலத்துக்குள்ளதான் என்ட ஆறு நாளும் கிடக்கு. சொல்லுங்க!”

கதிர்காமத்தம்பி சொன்னார். துரையின் முகம் சிவந்தது. பிறகு, வெறும் வயிற்றோடு நின்ற விமானத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“எத்தனை நாள் வேணுமெண்டு கேக்கிறார், காக்கா.”

“எட்டு.”

“மூண்டு தாறாராம்.”

“மூண்டுக்கு வண்டி வெருகல் வரைக்கும்தான் வரும்.”

“நாலு.”

“நாலுக்கு ஒரு மாடு வரும். மற்றது பின்னால வரும்.”

“காக்கா, அஞ்சு! இதுக்கு மேல கேட்டு என்னையும் மாட்டிவிடாதீங்க.”

“அஞ்சாம் நாள் நான் ஓட்டமாவடியில. துரை எங்கட ஊட்ட வந்து தேத்தண்ணி குடிச்சிட்டு, எண்ணெய வாளியில அள்ளிக்கொண்டு போகட்டும்.”

கதிர்காமத்தம்பி இதை மொழிபெயர்க்கவில்லை. துரை அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

“ஆறு,” என்றார், தமிழிலேயே.

பாஸில் இரண்டை வெட்டி ஆறு என்று எழுதி ஒப்பமிட்டார். அசனார் கதிர்காமத்தம்பியை அதை இரண்டு தரம் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அதற்குப் பிறகுதான் வண்டியைவிட்டு இறங்கினார்.