பாடமாக்கிய ஜாஸ்

ஜாஸ் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டுத் தேர்வில், பாட்டின் நடுவே அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். சாம்பவி அதையும் ஒரு மாதமாக எழுதிப் பாடமாக்கியிருந்தாள். கூடவே பியானோ வாசிக்கும் பேராசிரியர் திருப்தியில்லாமல் இடையில் நிறுத்திவிட்டால் தோல்விதான்; படிப்பும் அத்தோடு முடிந்துவிடும்.

வாசலில் காத்திருந்தபோது, ஊதாமல் சாக்சபோனில் அதையே விரலோட்டிப் பார்த்தாள்.

“உதையும் பாடமாக்கினனியோ? வோபர்ன் ரியூசனிலை எல்லாத்தையும் பாடமாக்கின புத்தி உன்னை விட்டுப் போகாது,” என்று சிரித்தான் உடன் படிக்கும் றொய்சன்.

“பகிடி விடாதை.”

அவள் உள்ளே போனதும், பேராசிரியர் அவள் பழகியதற்கு வேறான சுருதியில் பாட்டைத் தொடங்கினார். பாடமாக்கிய விரல்களுக்கு இனி வேலையில்லை. அவள் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்ததும், பயத்தில் ஒரே ஒரு ஸ்வரம் நடுங்கி வெளிவந்தது. பேராசிரியர் அந்த நடுக்கத்தையே பியானோவில் திருப்பி வாசித்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் மூச்சை இழுத்து, எழுதாத ஒன்றை நடுங்கியபடியே வாசித்தாள்.

பியானோ நிற்கவில்லை.