சம்பந்தியம்மா ஏறிய வண்டி

மூட்டை தூக்குகிற உடம்புக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அன்று காலை பாயில் புரண்டுகூடப் படுக்கவில்லை, அக்காவின் போன் வந்துவிட்டது.

"டேய், உங்க மாமா கார் ஏசில காத்தே வரலடா. உடனே கிளம்பி வா."

"மெக்கானிக்கைக் கூப்பிடுக்கா."

"அவன் ஏதோ கல்யாணத்துல இருக்கான். போன்லயே வழி சொல்றானாம். உனக்கு ஸ்பேனர் பிடிக்கவாவது தெரியும். உங்க மாமாவுக்கு ஊசியைத் தவிர என்ன தெரியும்?"

அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். வெளியே தார் உருகுகிற வெயில். ஏசி ஓடாத வண்டி என்றால் தன் வண்டியிலேயே குழந்தையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். தையல்காரரான மாமாவோ பேத்திக்கு மெத்தை, தலையணை, கொசுவலை என்று தைத்துத் தைத்து முன்னறையையே நிரப்பி வைத்திருந்தார்.

நான் போனபோது மாமா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, காற்று வரும் ஓட்டையில் நாடி பிடிப்பதுபோல் கை வைத்திருந்தார்.

"நேத்து கிர்ருன்னு ஒரு சத்தம் போட்டுச்சு மாப்ள. அப்புறம் பேச்சே இல்ல."

போனில் மெக்கானிக் முதலில் பியூஸைப் பார்க்கச் சொன்னான். பியூஸ் பெட்டி மூடியில் இங்கிலீஷ் எழுத்தெல்லாம் பூச்சி ஊர்வதுபோல் இருந்தது. நல்லவேளை, பக்கத்திலேயே விசிறிப் படம் போட்டிருந்தார்கள். பிடுங்கிப் பார்த்தேன். நடுக்கம்பி கருகியிருந்தது. அதே பெட்டியில் உபரியாக இருந்ததைச் செருகினேன். மாமா சுவிட்சைத் திருகினார். அதுவும் போனது.

"அப்போ மோட்டார் எதையோ கவ்விக்கிட்டு நிக்குது" என்றான் மெக்கானிக். "சாவியை எடுத்துட்டு, இடதுபக்க டாஷ்போர்டுக்கு அடியில பாருங்க. மூணு ஸ்க்ரூ இருக்கும். கழட்டி, கையால சுத்திப் பாருங்க."

தலைகீழாக உள்ளே நுழைந்தேன்.

"பாதி ஆளைக் கார் முழுங்கிடுச்சு" என்றாள் அக்கா.

விசிறிச் சக்கரம் ஒருவழியாகக் கைக்கு வந்தது. அதன் பல்லெல்லாம் நீல நிற நூலும் வலையும் சுற்றி, தையல் மெஷினில் நூல் நிறைந்த பாபின் மாதிரி இருந்தது. அக்கா ஒரு துண்டைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது பாப்பாவுக்குத் தைச்ச கொசுவலைத் துணியாச்சே!"

மாமா டயரைப் பார்த்தபடி சொன்னார். "பழைய ஏசி பில்டர் ஒரே அழுக்கு. தூக்கிப் போட்டுட்டு நானே ஒண்ணு தைச்சு மாட்டினேன். பாப்பா மூக்குல தூசி போகக் கூடாதுல்ல? ஓரமெல்லாம் மடிச்சுத்தான் தைச்சேன்."

போனில் மெக்கானிக் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. "இங்க வாங்கடா, ஒருத்தர் காருக்குப் பாவாடை தைச்சிருக்காரு!" என்று கல்யாண வீட்டையே கூப்பிட்டான்.

மாமா ரோஷப்படவில்லை. சின்னக் கத்தரிக்கோலை எடுத்துவந்து படியில் உட்கார்ந்தார். சிக்கெடுப்பது அவருக்குக் கைவந்த வேலை. ஒரு பல் உடையாமல் நூல் முழுவதும் உருவி வந்தது. விரலால் சுண்டினேன். சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

ஆனால் பியூஸ்?

"சிகரெட் பத்த வைக்கற ஓட்டைக்கு ஒண்ணு இருக்கும். அதே கலரான்னு பாத்துப் பிடுங்கிப் போடுங்க" என்றான் மெக்கானிக். "கடையில பில்டர் வாங்கி மாட்டுங்க. தையல் மெஷின் பக்கம் மட்டும் போயிடாதீங்க!"

எல்லாம் மாட்டி சுவிட்சைத் திருகியதும் காற்று புஸ்ஸென்று வந்து அக்காவின் முன்முடியைத் தூக்கியது. கை தட்டிக் குதித்தாள், பேத்தி எடுத்தவள்.

வழியில் ஒரு கடையில் பில்டரும் வாங்கி மாட்டிக்கொண்டுதான் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் சம்பந்தியம்மா தன் வண்டிப் பக்கத்தில் தயாராக நின்றிருந்தார். மாமா எங்கள் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டார். சம்பந்தியம்மா உள்ளே கையை நீட்டிப் பார்த்தார். பிறகு தலையையும் நீட்டினார்.

"எங்க வண்டியவிட ஜில்லுன்னு இருக்கே!"

சொன்னவர் அப்படியே ஏறி உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் அக்கா மகளும் குழந்தையும், அந்த ஓரம் அக்கா. சம்பந்தியம்மாவின் வண்டி, டிரைவரை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்தது.

பாதி வழியில் காற்றோடு ஒரு நீல நூல் பறந்து வந்து குழந்தையின் துணிமேல் விழுந்தது.

"இதென்ன நூலு?" என்றார் சம்பந்தியம்மா.

மாமாவின் முகம் மலர்ந்தது. "அது வந்துங்க, நானே கையால..."

அக்கா பின்னாலிருந்து அவர் தோளைக் கிள்ளினாள். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க!"

நான் ஜன்னல் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டேன். வண்டி அக்கா வீட்டுத் தெருவுக்குள் திரும்பியது.