பின்சுவருக்கடியில் கிடந்தவன்

லெசோத்தோவில் விற்பதற்கு என்ன இருக்கிறது? பாறையையும் பனியையும் யார் வாங்குவார்கள்? முதலில் ஆண்பிள்ளைகளை எல்லைக்கு அப்பால் சுரங்கத்துக்கு அனுப்பினோம். அவர்கள் இருமிக்கொண்டு திரும்பி வந்த பிறகு தண்ணீரை விற்கத் தொடங்கினோம். அதற்காக ஆற்றுக்குக் குறுக்கே அணை வந்தது. அணைக்காக மாதெபெல்லோவின் ஊரைப் பள்ளத்தாக்கிலிருந்து தூக்கி, காற்று தோலை உரிக்கும் மேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள்.

உயிரோடிருப்பவர்கள் மட்டுமா ஊர்? செத்தவர்களும் கிளம்பினார்கள். அணைக்காரர்கள் கல்லறைகளைக் காட்டச் சொன்னதும் ஆண்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார்கள். ஆடு அறுத்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீடு மாறுகிறோம், எங்களோடு வாருங்கள் என்று சொல்லித்தான் எலும்பை எடுத்தார்கள். மாதெபெல்லோவின் கணவர் சேயாபாட்டாவும் தன் அப்பாவை அப்படித்தான் கூட்டி வந்தார்.

தொப்புள்கொடி விழுவதற்குள் போய்விட்ட பிள்ளைகளை யாரும் காட்டவில்லை. அவர்கள் கல்லறையில் இல்லையே. பெண்கள் மட்டும் கூடி, வீட்டின் பின்சுவரடியில் புதைப்பார்கள். ஆண்களிடம் இடத்தைச் சொல்வதில்லை. பெற்றவள் அதைப் பற்றிப் பேசவும் கூடாது. பேசினால் அடுத்தது தங்காதாம். மாதெபெல்லோவும் வாயைத் திறக்கவில்லை. பழகிய வாய். நாசமாய்ப் போன பழக்கம்.

கோடை மழை கொட்டித் தீர்த்து, அணைத் தண்ணீர் பழைய ஊர்வரை ஏறிவிட்ட ஒரு காலையில், குழாயடியில் பக்கத்து வீட்டு ன்தாபிசெங் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"உன் பழைய அடுப்படியில இப்ப மீன் சமைக்குதாம், போய்ச் சாப்பிட்டுட்டு வா."

மாதெபெல்லோ வாளியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"பின்சுவத்துக்கு அடியில ஒருத்தன் இருக்கான்," என்றாள் கணவரிடம்.

"யாரு?"

"மொதப் பிள்ளை. நீங்க சுரங்கத்துல இருந்தப்பப் பொறந்தவன்."

"தங்கலன்னு மட்டும்தான் எங்கிட்ட சொன்னாங்க. பையனா?"

"பையன்."

அவர் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு குதிரையை அவிழ்த்தார்.

அவர்கள் இறங்கிப் போவதற்குள் தண்ணீர் முந்திக்கொண்டது. இடிந்து கிடந்த பழைய வீட்டின் முன்வாசல் கற்குவியல் மட்டும்தான் வெளியே தெரிந்தது. மண்வெட்டியோடு சேயாபாட்டா உள்ளே இறங்கினார். கழுத்தளவு போய், மூச்சு இரைக்கத் திரும்பி வந்து கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எட்டல, மாதெபெல்லோ. எலும்பு வராட்டிப் போகட்டும், ஆளைக் கூப்பிடுவோம். நீயே கூப்பிடு. என் குரல் அவனுக்குத் தெரியாது."

அவள் தண்ணீரருகே போய் நின்றாள். வாய் திறந்தது, பெயர் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்றே மருமகளுக்கு, பிறக்கப் போகும் பிள்ளையின் பெயரால், இன்னாரின் அம்மா என்று பெயர் வைத்துவிடுவார்கள். மாதெபெல்லோ என்றால் தெபெல்லோவின் அம்மா. தெபெல்லோ வந்தான், போனான். அம்மாவின் பெயரை மாற்ற முடியுமா? அடுத்துப் பிறந்த மகளுக்கு அதே பெயரைத் தூக்கிக் கொடுத்தார்கள். அந்தத் தெபெல்லோ இப்போது எல்லைக்கு அப்பால் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள், நன்றாக இருக்கிறாள். இங்கே நின்று அந்தப் பெயரைச் சொன்னால், உயிரோடிருக்கும் பெண்ணைச் செத்தவர்கள் நடுவிலிருந்து கூப்பிட்டதாக ஆகிவிடும். எந்தத் தாய் செய்வாள்?

"புதுசா ஒரு பேர் வெச்சுக் கூப்பிடேன்," என்றார் சேயாபாட்டா.

"அது தன் பேருன்னு அவனுக்கு யாரு சொல்றது?"

கடைசியில் அவள், "மகனே, வீடு மாத்திட்டோம்டா, அம்மாகூட வா," என்று மட்டும் கூப்பிட்டாள். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் எத்தனை சுவர்களுக்கடியில் எத்தனை மகன்கள் கிடந்தார்களோ.

மேட்டுக்குத் திரும்பும்போது இருவரும் நடந்தே வந்தார்கள். பிள்ளைக்காகச் சேணத்தைக் காலியாக விட்டிருந்தார் சேயாபாட்டா. பாதி ஏற்றத்தில் நின்று, குதிரையைப் பார்க்காமலேயே கேட்டார்.

"வந்துட்டானா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் மாதெபெல்லோ. "பேர் சொல்லாமக் கூப்பிட்டா, எந்தப் பிள்ளை தன்னைத்தான்னு எந்திரிச்சு வரும்?"