தூளியை ஆட்டியது யார்?

என் கணவர் தைரியநாதன் சர்வேசுரன் இருப்பதை ஒரு தூளியை வைத்தே நிரூபித்துவிடுவார். பிழைப்புக்குப் பிரெஞ்சு வாத்தியார் வேலை. ஞாயிறுதோறும் எங்கள் பங்கான சம்பா கோயிலில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஞானோபதேச வகுப்பு.

"தூளி ஆடுதுன்னா யாரோ ஆட்டி விட்டிருக்காங்க. ஆட்டின கையை அசைச்சது எது, அதை அசைச்சது எதுன்னு பின்னாலேயே போ. யாரும் அசைக்காமலே எல்லாத்தையும் அசைக்கிறவரு ஒருத்தர் முதல்ல இருந்தே ஆகணும்" என்பார். பிள்ளைகள் கொட்டாவி விடும். நான் மட்டும் வாசலில் நின்று பெருமையாகக் கேட்பேன்.

ஐம்பத்தாறாம் வருஷம் எங்கள் மூத்த பையன் பிறந்த ஐந்தாம் மாதத்தில் போய்விட்டான். காய்ச்சலில் அழுதவனை ஒரு மத்தியானம் இவர்தான் தூளியில் போட்டு ஆட்டினார். தூங்கினான், எழுந்திருக்கவில்லை. அதோடு இவர் வகுப்பை விட்டார், பூசையை விட்டார். நான் கெஞ்சியபோது ஒரே ஒரு தடவை சொன்னார்: "ஆட்டி விட்டவரு அவருன்னா, நிறுத்தினவரும் அவருதானே அமலு?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இவர்மேல் கோபமா, சர்வேசுரன்மேல் கோபமா என்று இன்றுவரை தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து மகள் பிறந்தாள். மூன்று மாதமாகியும் இவர் அவளைத் தொடவில்லை. தூரத்தில் நின்று பார்ப்பார், அவ்வளவுதான். அப்பா கை படாமலே பிள்ளை வளர்ந்துவிடுமோ என்று பயந்து கிடந்தேன்.

சித்திரை மாதத்து மத்தியானம். சன்னல்களைச் சாத்திவிட்டுப் பாயில் கண்ணயர்ந்தேன். கனவில் ஒன்றுமே இல்லை. தெரு இல்லை, கடல் இல்லை, வெளிச்சம்கூட இல்லை. எங்கோ ஒரு கிறீச். அப்புறம் இன்னொரு கிறீச். அந்தச் சத்தத்திலிருந்து உத்தரம் வந்தது, உத்தரத்திலிருந்து தூளி வந்தது, பிறகு பாய், கடைசியாக நான். கண்ணைத் திறந்தேன். தூளி நன்றாக வீசி ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. இவர் அடுத்த அறையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார்.

"தூளியை யாருங்க ஆட்டினது?"

"காத்தா இருக்கும்."

"சன்னல் சாத்தியிருக்கு."

"குழந்தை உதைச்சிருக்கும்."

"அவ தூங்குறா. தானா எதுவும் ஆடாதுன்னு ஊருக்கே சொன்னது யாரு?"

பேப்பரைப் புரட்டினார். என் கை தூளிப் பக்கம் போனது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆட்டம் குறைந்தது. ஒரு கிறீச்சுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி நீண்டது. குழந்தை சிணுங்கினாள்.

"ஆட்டி விடேன் அமலு."

"நான் ஆரம்பிக்கலையே. ஆரம்பிச்சவங்க வரட்டும்."

நாற்காலி நகர்ந்தது. வந்து நின்றார். தூளி விளிம்பில் கையை வைத்தார்.

"நின்னு போயிட்டா?"

"நான் இங்கதான் இருக்கேன்."

ஆட்டினார். எனக்கு அந்தக் கையைப் பார்க்கத் தைரியம் இல்லை. தூங்குவதுபோல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கிறீச், கிறீச் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. சட்டென்று நின்றது. எழுந்து உட்கார்ந்தேன். தூளி காலியாகத் தொங்கியது.

மகள் அவர் தோளில் இருந்தாள்.

"பயப்படாத அமலு, தூக்கிக்கத்தான் நிறுத்தினேன்" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டதுபோல அப்படியே நின்றார்.

மூத்தவனுக்காக அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து அழுதோம்.